நாள் தள்ளிப் போயிருக்கு

ஏப்ரல் 11

அண்ணிக்கு,

போன் செய்தால் எடுக்கமாட்டீர்கள் என்று தெரியும். ஒரு பேருந்து நிலையமே நாள் முழுக்கக் கேட்கிற குரல் இது. உங்கள் காதுக்கு மட்டும் ஆகாமல் போய்விட்டது. அதனால்தான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இப்போது வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் முகவரியை, இங்கே உங்களோடு இருந்த இஸ்திரி அக்காவிடம் கெஞ்சி வாங்கினேன். வீட்டுக்கு அனுப்பினால் அண்ணன் பிரித்துக்கூடப் பார்க்காமல் கிழித்துப் போட்டுவிடுவார்.

போன வருஷத்துப் பேச்சை எடுக்கப் போவதில்லை. இது வேறு விஷயம். அதாவது, வேறு விஷயம் என்று நினைத்துத்தான் ஆரம்பிக்கிறேன்.

என் அறிவிப்பு அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆறடிக்கு ஐந்தடி. மூன்று பக்கம் கண்ணாடி, நான்காவது பக்கம் கால அட்டவணை. மேஜை ஃபேன் ஒன்று உண்டு. ஆனால் மைக்கைப் போடும்போதெல்லாம் அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரைச்சலும் சேர்ந்து ஒலிபெருக்கியில் போகும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டி வருகிற நேரத்தில் ஃபேன் ஓடுவதே இல்லை. இருபது வருஷம் இங்கே குப்பை கொட்டியாகிவிட்டது, ஒரு நாளும் பெரிதாகத் தெரிந்ததில்லை. இந்த வெயிலில்தான் என்னமோ ஆகிவிட்டது. பேசிக்கொண்டே இருப்பேன், நெஞ்சுக்கு நடுவில் யாரோ அடுப்பைப் பற்றவைத்த மாதிரி கிளம்பும். கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிஷம்தான், இறங்கியதும் உடம்பு வெடவெடக்கும். அந்த நேரத்தில் நான் என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. போன வாரம் ஒன்றாம் நடைமேடையில் நிற்கிற வண்டியை ஏழாம் நடைமேடை என்று சொல்லிவிட்டேன். நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். ஒருவர் ஓடிய ஓட்டத்தில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு வண்டியேறிப் போய்விட்டார், அது இன்னும் என் அறையில்தான் கிடக்கிறது. மேலாளர் மெமோ கொடுத்தார். இன்னொரு தடவை நடந்தால் மைக்கிலிருந்து எடுத்துவிட்டு, பயணிகளின் பைகளைக் காக்கிற அறைக்கு அனுப்பிவிடுவாராம்.

டாக்டரம்மாவிடம் போனேன். மெனோபாஸ் என்றார். நாற்பத்தாறு வயதாகிவிட்டது, இனி கொஞ்ச காலம் இப்படித்தான் இருக்கும், வெயிலில் கூடுதலாகத் தெரியும் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். முதலில் நினைவுக்கு வந்தது நீங்கள்தான்.

போன வருஷம் இதே வெயிலில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராகப் போய் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பீர்கள். "என்ன அண்ணி, உள்ளேயே குடித்தனம் போயிடலாம்னு பாக்கறீங்களா?" என்று கேலி செய்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

எப்படிச் சமாளித்தீர்கள்? நீராவி இஸ்திரி இயந்திரங்களுக்கு நடுவில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு, எப்படி? என்னைத் திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

உங்கள்
மைக்கம்மா
நீங்கள் வைத்த பேர்தான். இப்போது நிலையத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.


ஏப்ரல் 19

கடிதம் கிடைத்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சிறிய துண்டு இரண்டு வைத்துக்கொள். ஒன்று கழுத்தில், ஒன்று குளிர்ந்த தண்ணீரில். நெஞ்சில் கிளம்பும்போதே மாற்ற வேண்டும், ஏறிய பிறகு மாற்றிப் பயனில்லை. மேஜைக்கு அடியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் காலை அதில் விட்டுக்கொள். கண்ணாடிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. நீ ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பவள், பாதிச் சூடு அதுதான். இரண்டாக்கு, அதையும் ஆற வைத்துக் குடி. காரத்தைக் குறை. மெல்லிய பருத்திச் சட்டை, கழுத்தை இறுக்காததாகப் போடு. மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். நைலான் உடம்பில் படக் கூடாது. தண்ணீரை மடக்கு மடக்காக நாள் முழுக்கக் குடி. வரும்போது மூச்சை அடக்காதே. மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக விடு. அந்த இரண்டு நிமிஷம் மைக்கைத் தொடாதே, வண்டி நிற்கட்டும். தூக்கம் கெட்டாலோ, நின்ற பிறகு மறுபடி உதிரம் பட்டாலோ டாக்டரிடம் மறைக்காதே. இதற்கு மருந்தும் இருக்கிறது, உனக்கு ஆகுமா என்று கேள்.

உன் மேலாளரிடம் வாயைத் திறந்து சொல். பேசியே பிழைப்பவள் நீ, இதற்கு மட்டும் ஊமையாகாதே. நான் ஊமையாக இருந்தேன்.

இஸ்திரி அக்காவிடம் முகவரி வாங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே யாருக்கும் எதுவும் தெரியாது என்றுதான் ஐந்து மணி நேரத் தூரத்துக்கு வீட்டை மாற்றிக்கொண்டு வந்தோம். உன் அண்ணனுக்கு அங்கே ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷ வேலை. ஒரு விளக்கு எரியாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நேற்றுச் சேர்ந்த எலெக்ட்ரீஷியன்களோடு நின்று ஃபேன் துடைக்கிறார்.

போன வருஷத்துப் பேச்சை எடுக்கமாட்டாயாம். எடுக்காமல் விடுவதற்கு அது உன் வீட்டுப் பேச்சா? மூன்றாம் நடைமேடையில் சலவைக்கூடத்துப் பெண்கள் இருபது பேரோடு நானும் நின்றேன். தலைக்கு மேலே ஒலிபெருக்கியில், "எங்க அண்ணிக்கு நாள் தள்ளிப் போயிருக்கு" என்று உன் குரல் கேட்டது. மூச்சு விடுவதற்குள், "எங்க அண்ணி உண்டாயிருக்காங்க" என்று கேட்டது. இருபத்திரண்டு வருஷம் குழந்தையில்லாத ஒருத்தியை, அவளுடைய நாற்பத்தாறாவது வயதில், ஒரு நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பதினொரு நாள் கழித்து, "அது இல்ல, எனக்கு நின்னு போகுதாம்" என்று ஒவ்வொருத்தியிடமாகப் போய்ச் சொன்னதும் நான்தான். அதற்கு எனக்கு யாரும் மைக் கொடுக்கவில்லை.

காலை வாளியில் விடு. பதில் எழுத வேண்டாம்.

அண்ணி


ஏப்ரல் 27

அண்ணிக்கு,

பதில் வேண்டாம் என்றால் வாளியைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அது எவ்வளவு சுகம் என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியுமா? முதல் நாளே ஒரு நடத்துனர் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே மீன் வளர்க்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம், ஒரே ஒரு மீன், நாற்பத்தாறு வயது என்றேன். டீயை இரண்டாக்கிவிட்டேன், நாக்கு செத்துவிட்டது. ஆனால் சூடு வருவது குறைந்திருக்கிறது. வந்தாலும் இப்போது அது வருகிற வழி தெரிகிறது.

மேலாளரிடமும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார். "எங்க வீட்டுலயும்..." என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் வெயில் அடிக்கிற பக்கக் கண்ணாடிக்கு வெள்ளைத் தாள் ஒட்ட ஆள் வந்தது. மெமோவை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இனி எழுதப் போவதுதான் கஷ்டம்.

மைக் சுவிட்ச் பழுது, அணைத்தும் அணையவில்லை என்றுதான் அன்று அண்ணனிடம் சொன்னேன். உங்களிடமும் அதையே சொன்னேன். நீங்கள் டாக்டரிடம் போய் வந்து எல்லாம் உடைந்த மறுநாள், அண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு என் அறைக்கு வந்தார். சுவிட்சைக் கழற்றிப் பிரித்தார். நாற்பது தடவை போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தார். திரும்ப மாட்டிவிட்டு, "சுவிட்சுல ஒரு குறையும் இல்ல" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நான் வாயாடி என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வாயை மன்னித்திருப்பார், பொய்யை மன்னிக்கவில்லை.

உண்மை இதுதான். டிக்கெட் பரிசோதகர் அக்கா என் அறையில் நின்றுகொண்டிருந்தார். மைக்கை அணைக்க மறந்து அவரிடம் முதல் வரியைச் சொல்லிவிட்டேன். அது வெளியே போய் எதிரொலித்து என் காதுக்கே திரும்பி வந்தது. சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். கை சுவிட்சின் மேல்தான் இருந்தது. அணைக்கவில்லை. இரண்டாவது வரியைத் தெரிந்தேதான் சொன்னேன்.

மூன்றாம் நடைமேடையில் தண்ணீர் பாட்டில் கடை வைத்திருந்தாளே ஒருத்தி, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அந்தப் பக்கம் நடந்து போனாலே, "காய்க்காத மரம் போகுது பாரு" என்பாள். உங்கள் காதில் விழட்டும் என்றேதான் சொல்வாள். நீங்கள் விழாத மாதிரி நடப்பீர்கள். எத்தனை வருஷம் அதைப் பார்த்தேன். அன்று அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது ஒலிபெருக்கி. அவளுக்குக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். உங்களுக்காகச் சொல்கிறேன் என்றுதான் நினைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். நான் உங்களையும் சேர்த்துக் கெடுத்தேன்.

ஆனால் அண்ணி, ஒன்றைக் கேட்காமல் என்னால் முடியவில்லை. நாள் தள்ளிப் போயிருக்கு என்று என்னிடம் சொன்னது நீங்கள்தான். டாக்டரைப் பார்க்காமலே ஏன் சொன்னீர்கள்? அது மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது.

மைக்கம்மா


மே 8

மைக்கம்மாவுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. மடிப்பு மேஜையின் டிராயரில் போர்வைக் கணக்கு அட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் உணவு வேளையில் எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன். உன் கேள்விக்கு நீ நினைக்கிற பதில் இல்லை.

நான் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் உன் வீட்டுக்கு வந்தேன்.

அதற்கும் முன்பே, போன வருஷம் மார்ச்சிலேயே பார்த்துவிட்டேன். ஜனவரியிலிருந்தே சூடு வந்துகொண்டிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நிற்கிற காலம் வந்துவிட்டது, குழந்தையைப் பற்றி இனி நினைக்க வேண்டாம் என்று டாக்டர் தன்மையாகத்தான் சொன்னார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணனிடமும் சொல்லவில்லை. அவர் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட என்னைக் குறையாகப் பேசியவர் இல்லை. பேசியிருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றேன். நீ கேலி செய்தாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. சரி, இவளிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "நாள் தள்ளிப் போயிருக்கு" என்றேன். நின்னு போகுதாம் என்பதுதான் அடுத்து வர வேண்டியது. அதற்குள் நீ கரண்டியைக் கீழே போட்டுவிட்டாய். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாய். எத்தனை நாள் என்று கேட்டாய், எண்பது என்றேன். நான் சொன்ன இரண்டுமே உண்மை. அதைச் சொல்லித்தான் இத்தனை நாளும் என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

உன் முகத்தைப் பார்த்தேன். எனக்காக ஒருத்தர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்த ஒரு பொழுதுக்கு அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வேலை முடிந்ததும் உன் அறைக்கு வந்து சொல்லிவிடுவதாக இருந்தேன். மூன்றாம் நடைமேடையைத் தாண்டுவதற்குள் மைக் முந்திக்கொண்டது.

பிறகு என்னால் முடியவில்லை. உன் அண்ணன் பாதி வேலையில் ஓடி வந்து தெருமுனையில் நின்று என் பையை வாங்கிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் தரையோரம் இருந்த பிளக் பாயின்ட் ஒவ்வொன்றையும் கழற்றி, சுவரை வெட்டி, தோள் உயரத்துக்கு ஏற்றினார். தவழ்கிற பிள்ளை விரலை விட்டுவிடும் என்றார். வேலையிடத்தில் ஈரப் போர்வை வண்டியை என் கையிலிருந்து பிடுங்கினார்கள். எனக்கென்று நாற்காலி போட்டு ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். நாலு மாசமாக அதே இடத்தில் நின்று வேர்த்துக் கொட்டியவள் நான். அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உண்டானவளுக்கு வேர்த்தால் ஊரே விசிறும். நின்றுபோனவளுக்கு வேர்த்தால் வேலைக்குச் சோம்பல் என்று சொல்லும். அந்தப் பதினொரு நாளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

பன்னிரண்டாவது நாள், இன்றுதான் முதல் தடவை போவது மாதிரி அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய்த் தலைவலிக்கு மருந்து எழுதி வாங்கிக்கொண்டு வந்து, அது குழந்தை இல்லையாம் என்றேன். "உறுதியாகாம அவ ஏன் ஊரக் கூட்டினா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அந்தச் சோற்றை உன் தட்டில் வைத்துவிட்டு ஊரை விட்டே வந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. வேர்த்தாலும் சத்தமில்லாமல் வேர்க்க வேண்டும். அவரிடம் சொல்லட்டுமா? ஒரு சுவிட்சுக்காகக் கூடப்பிறந்தவளையே ஒதுக்கியவர். என்னை எங்கே வைப்பார் என்று நினைத்தால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ என்ன சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன்.

அண்ணி


மே 14

அண்ணிக்கு,

படித்ததும் வாளியை உதைத்தேன். அறை முழுக்கத் தண்ணீர். குழாய் உடைந்துவிட்டதா என்று மேலாளர் ஓடி வந்தார். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் எழுதிய இரண்டு கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உங்கள் கண்ணில் படக் கூடாத வார்த்தைகள் அதில் இருந்தன.

என் மகள் செப்டம்பரில் வெளிநாடு போனாள், படிக்க. உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அப்பா இல்லாத பிள்ளை. சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்ததிலிருந்து பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது வரை எல்லாம் மாமாதான். நாலு தடவை போன் செய்தாள், உங்கள் வீட்டில் எடுக்கவில்லை. விமான நிலையத்தில் உள்ளே போகிற வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா வந்துடுவாரும்மா, கடைசி நிமிஷத்துல வர்றதுதான் அவருக்குப் பழக்கம்" என்றாள். உள்ளே போன பிறகும் திரும்பிப் பார்த்தாள். அந்த நாளை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? நீங்கள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அண்ணனிடம் சொல்லட்டுமா என்று என்னைக் கேட்கிறீர்கள். சொல்ல வேண்டாம். என்னை ஒதுக்கிவிட்டு அவர் உங்களோடு இருக்கிறார். உங்களையும் ஒதுக்கிவிட்டால் அவர் யாரோடு இருப்பார்? நான் வாயாடி என்று ஊருக்கே தெரியும். இன்னும் கொஞ்சம் கெட்ட பேர் என்மேல் இருந்தால் கூரை இடிந்து விழாது. இரண்டாவது வரி என்னுடையதுதானே, அதற்கு இது சரியாகப் போகட்டும்.

ஆனால் இனி எனக்கு எழுதாதீர்கள். இதைப் படித்துப் படித்து வைத்துக்கொள்ள என்னிடம் டிராயர் இல்லை.

மைக்கம்மா


ஜூன் 1

மைக்கம்மாவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். சொல்லிவிட்டேன்.

நீ சொல்லச் சொல்லியிருந்தால் உன்மேல் கோபப்பட்டு இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன். வேண்டாம் என்று நீ எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. உன் மகள் திரும்பிப் பார்த்தாள் என்ற வரியைப் படித்த பிறகு என்னால் இயந்திரத்தின் முன்னால் நிற்க முடியவில்லை. அந்த நாலு அழைப்பும் எனக்குத் தெரியும். செல்போன் வைத்துக்கொள்ளாதவர் அவர். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், வீட்டு போன் அடித்தது. உன் எண்ணாக இருக்கும் என்று எடுக்காமல் விட்டது நான்தான். அவருக்கு அவள் கிளம்புவதே தெரியாது.

இன்று மதியம் அவர் ஃபேனைக் கீழே இறக்கி இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மார்ச்சில் டாக்டர் சொன்னதிலிருந்து போன் வரை எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சாகச் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"நான் பிளக் பாயின்ட் ஏத்தும்போது உனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

"பக்கத்துல நின்னு ஒவ்வொரு ஸ்க்ரூவா எடுத்துக் குடுத்தே."

"குடுத்தேன்."

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இறக்கைகளை மாட்டி, ஃபேனை மேலே ஏற்றி, ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு இரண்டு சட்டையைப் பையில் வைத்தார். தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன் என்றார். திரும்பி வருவதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இது உன் கைக்கு வருவதற்குள் அவர் வந்துவிடுவார். அவருக்கு நான் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் நீ சொல், என்னைக் காப்பாற்றிப் பேசாதே. உன் மகளோடு அவரைப் பேச வை. முதலில் அதைச் செய். எனக்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை.

அண்ணி


ஜூன் 4

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே, ஞாயிறு இரவு, அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டு, "சாப்பிட எதுனா இருக்கா?" என்று கேட்டார். ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர் கேட்கிற கேள்வியா அது? இருந்ததைப் போட்டேன், சாப்பிட்டார். மறுநாள் என் மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் ஹலோ சொன்னதும் போனைக் காதில் வைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டார். அரைமணி நேரம் கழித்து வந்தார், கண் சிவந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நடந்தது எல்லாவற்றையும் அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நேற்று என்னோடு நிலையத்துக்கு வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு எனக்குச் சூடு கிளம்பியது. நீங்கள் சொன்ன மாதிரி மைக்கை விட்டு விலகி, துண்டை மாற்றி, காலை வாளிக்குள் விட்டு, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் வழிந்திருக்கும். அண்ணன் பதறிப்போய் உள்ளே வந்தார். நெஞ்சு வலியா, ஆட்டோ கூப்பிடட்டுமா என்றார். இல்லை, நாள் நிற்கிற காலத்துச் சூடுதான் இது என்றேன். வாளியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், ஓடாத ஃபேனைப் பார்த்தார்.

"அவளுக்கும் இப்படித்தான் வந்துதா?" என்று கேட்டார். இப்போதும் வருகிறது, இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அண்ணிதான் என்றேன்.

அவர் அறை மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ராத்திரில எந்திரிச்சு ஃபேனக் கூட்டி வைப்பா. எனக்குக் குளிருதுன்னு நான் எந்திரிச்சுக் குறைச்சுட்டுப் படுத்துக்குவேன். மறுபடி கூட்டினா சத்தம் போடுவேன். ஒன்றரை வருஷமா. எலெக்ட்ரீஷியன் நான், ஆளுக்கொரு ஃபேன் மாட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார். அடுத்த வண்டிக்கு நேரமாகிவிட்டது, நான் திரும்பி அறிவிப்பைச் சொன்னேன்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், எனக்குத் தெரியாது அண்ணி. மகள் வாசலைப் பார்த்து நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை. ஆனால் அன்று ஃபிரிட்ஜ் முன்னால் உங்களை அரை நிமிஷம் பேசவிட்டிருந்தால், நின்று போகிறது என்று சொல்லி முடித்திருப்பீர்கள். நான் வாயை மூடியிருந்தால் போதும். இதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை பேருக்கு எத்தனை வண்டியைச் சொல்லியிருக்கிறேன், யாரையும் பேசவிட்டுக் கேட்டதே இல்லை.

இன்று காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உங்கள் ஊர் வண்டி பத்து மணிக்கு. அறிவித்தேன். படிவரை போய்விட்டுத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு மணி வண்டிக்கு எழுந்து நின்றார், அதுவும் அவரை விட்டுவிட்டுப் போனது. அவர் முகத்தில் கோபம் இல்லை. உங்கள் முன்னால் வந்து நிற்கக் கூசுகிறது போலிருக்கிறது. யார் யாரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு என்று நம் மூவரில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

இப்போதுதான் கண்ணாடியைத் தட்டினார். அடுத்தது எப்போது என்று கேட்டார். நாலரைக்கு என்றேன். கொஞ்ச நேரம் அட்டவணையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதுலயாவது ஏறிடணும்" என்றார்.

மணி நாலு பத்து. அறிவிப்புக்குப் போகிறேன்.

மைக்கம்மா